ஸ்தரா பனீ, ஸ்தர்ஷீ பனீ: முதுமைக்கு ஆங்கிலத்தில் ஒன்று, செக் மொழியில் வேறு

கேள்வி, 4 பிப்ரவரி 2024

அக்கா, செக் நாட்டில், பிராக்கில் முதுகலை படிக்கிறேன். ஒரு அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அவருக்கு 77 வயது. போன வாரம் போனில் செக் நண்பனிடம் 'வீட்டுக்காரர் ஒரு ஸ்தரா பனீ' என்றேன். ஓல்டு லேடிக்கு அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அவர் பக்கத்துச் சமையலறையில் இருந்தது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து காலையில் ஒரு 'தொப்ரீ தென்' (வணக்கம்), அதோடு சரி. நான் என்ன தப்பாகச் சொன்னேன்? முதுமை பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் செக்கில் சமமானது எது என்று ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா?

5 பிப்ரவரி 2024

பட்டியல் அப்புறம். முதலில் அந்த அம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பார்ப்போம்.

நீ சொல்லியிருக்க வேண்டியது 'ஸ்தர்ஷீ பனீ'. பனீ என்றால் அம்மணி, திருமதி. ஸ்தரீ என்றால் வயதான, பழைய. பெண்பாலில் ஸ்தரா. ஸ்தர்ஷீ என்பது அதன் ஒப்பீட்டு வடிவம், 'இன்னும் வயதான' என்று அர்த்தம். இலக்கணப்படி ஸ்தர்ஷீ பனீதான் ஸ்தரா பனீயைவிட மூத்தவராக இருக்க வேண்டும். நடப்பில் தலைகீழ். அறுபதைத் தாண்டி, முடிக்குச் சாயம் பூசி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறவர் ஸ்தர்ஷீ பனீ. கம்பு ஊன்றி, யாராவது கைகொடுத்தால்தான் ரோட்டைத் தாண்டுவார் என்றால் ஸ்தரா பனீ. உன் வீட்டுக்காரர் 77 வயதில் சொந்தமாகச் சமைத்துக்கொண்டு, வாடகைக்கு ஆள் வைத்து, ஒட்டுக்கேட்கும் அளவுக்குக் காதும் கூர்மையாக இருக்கிறார். அவரைப் போய் ஸ்தரா என்றால்?

யாரைவிட மூத்தவர் என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்போது 'எல்டர்லி' வேண்டாம், 'ஓல்டர்' என்று எழுது என்கிறார்கள். அதே வித்தைதான். நம் 'மூத்த குடிமக்கள்' மட்டும் என்ன, யாரைவிட மூத்த என்று யாராவது கேட்கிறோமா?

நேரில் பேசும்போது வயதையே எடுக்காதே. பனீ போட்டு, குடும்பப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடு. 'தொப்ரீ தென், பனீ நொவாகோவா' என்கிற மாதிரி. 'பபி', 'பபிச்கோ' எல்லாம் பாட்டியைப் பேரன் கூப்பிடுவது. நம் ஊரில் தெருவில் போகிற யாரையும் பாட்டி என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே 'நான் உனக்குப் பாட்டி ஆனது எப்போது?' என்று கேட்பார்கள்.

5 பிப்ரவரி, இரவு

இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பிர்னோ என்ற செக் நகரத்தில் எங்கள் பகுதி நூலகக் கிளையில், வியாழன்தோறும் ஓய்வுபெற்றவர்களுக்கு ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் கிடையாது, கேக் உண்டு. ஒன்பது பேர். இளையவருக்கு 66, மூத்தவருக்கு 81. அந்த 81 வயதுக்காரர் ஷலினா ஓட்டியவர். டிராமுக்கு பிர்னோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஷலினா. பிராக்கில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

உன் கேள்வியை வியாழனன்று அப்படியே வகுப்பில் வைக்கப்போகிறேன். வெள்ளைப் பலகையில் இரண்டு பத்தி, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் செக்.

16 பிப்ரவரி 2024

நேற்று வகுப்பில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. இத்தனை நாளாக இவர்களுக்கு விமான நிலையத்தில் பேசுவதும் ஓட்டலில் அறை கேட்பதும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கொஞ்சம் எளிதாகவே பொருந்தியது. 'ஒன் ஃபுட் இன் தி கிரேவ்' செக்கிலும் அச்சாக அதேதான், ஒரு கால் குழிக்குள். நமக்கு 'வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது'. கிழட்டு நாய்க்குப் புது வித்தை கற்றுத்தர முடியாது என்பதும் இரண்டிலும் அச்சாக அதே நாய். 'ஓவர் தி ஹில்' என்பதற்கு 'ஸா ஸெனிதெம்' என்றார்கள். அதாவது உச்சியைத் தாண்டியாயிற்று. ஆங்கிலேயன் மலையில் இறங்குகிறான், செக்காரனுக்குச் சூரியன் சாய்கிறது. சரி, இறக்கம் இறக்கம்தானே, சமம் போட்டோம்.

'நோ ஸ்ப்ரிங் சிக்கன்' என்று எழுதியதும் கோழிக்குஞ்சைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அவர்கள் சொல்வது 'நெய்ம்லத்ஷீ உஷ் நெய்செம்': 'நான் இப்போது எல்லாரிலும் இளையவன் இல்லை'. கவனி, இங்கேயும் இலக்கணம்தான் வேலை செய்கிறது. மற்றவரைச் சொல்லும்போது ஒப்பீட்டு வடிவத்தால் மெழுகுகிறார்கள், தன்னைச் சொல்லும்போது அதையும் தாண்டிய உச்ச வடிவத்தைப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

அப்புறம் 'லாங் இன் தி டூத்'. குதிரைக்கு வயதாக ஆக ஈறு பின்வாங்கிப் பல் நீளமாகத் தெரியும், அதில் வந்தது என்று விளக்கினேன். குதிரைப் பல்லை அவர்களுக்கும் தெரியும், தானமாக வந்த குதிரையைப் பல்லைப் பார்க்காதே என்று செக்கிலும் சொல்வார்கள். (நமக்கு அது மாடு.) ஆனால் மனிதனின் வயதுக்குப் பல்லைக் கொண்டுவருவதில்லை. வலது பக்கம் காலி.

அப்போது ஷலினாக்காரர் கையைத் தூக்கினார். 'எப்போதும் ஆங்கிலத்திலிருந்தே ஏன் தொடங்குகிறோம்? என்னிடம் ஒன்று இருக்கிறது, அதற்கு ஆங்கிலம் சொல்லுங்கள்' என்று எழுதினார்: 'நா ஸ்தரா கொலெனா'. நேர் அர்த்தம் 'கிழ முழங்கால்களின் மேல்'. வயதான பிறகு, சற்று நேரங்கெட்ட நேரத்தில், ஒரு வேலையில் இறங்கும்போது சொல்வது. 'நா ஸ்தரா கொலெனா இங்கிலீஷ் படிக்கிறேன்' என்பார்கள். அல்லது 'அவருக்கு நா ஸ்தரா கொலெனா கல்யாணம்'. 'இன் ஒன்ஸ் ஓல்டு ஏஜ்' என்று சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, 'இதில் முழங்கால் எங்கே? வலி எங்கே?' என்றார். எழுதாமல் விட்டேன். இடது பக்கமும் ஒரு காலி.

17 பிப்ரவரி

பலகையை அழிக்க வேண்டாம் என்று நூலகரிடம் கேட்டுக்கொண்டேன். அழிக்கவும் முடியாது என்றார். நான் எடுத்தது வேறு வகைப் பேனா.

8 மார்ச் 2024

'வயது எவ்வளவு' என்று செக்கில் கேட்பது எப்படி என்று ஒருவர் கேட்டார். 'கொலிக் யெ வாம் லெத்?' இந்த 'லெத்' என்ற சொல்லை நான் வருஷக்கணக்காக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன், யோசித்ததில்லை. அது 'லேத்தோ'வின் பன்மை உருவம். லேத்தோ என்றால் கோடைகாலம். ஒரு வருஷத்துக்கு 'ரொக்' என்று தனிச்சொல் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு வரை அதே 'ரொக்கி'. ஐந்தைத் தொட்டதும் 'லெத்' ஆகிவிடும். ஆக நாலு வயதுக் குழந்தைக்கு ஆண்டுகள், ஐந்து வயதிலிருந்து சாகிறவரைக்கும் கோடைகள். 81 வயது என்றால் 81 கோடை.

வகுப்பில் இதைச் சொன்னபோது அவர்களுக்கே வியப்பு. சொந்த மொழியில் யார் எண்ணிப் பார்க்கிறோம். 'உங்கள் மொழியில்?' என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்துவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. நாம் சொல்லும் வருஷம், வடமொழி வர்ஷம். அதற்கு மழை என்றும் பொருள். இவர்கள் கோடையை எண்ணுகிறார்கள், நாம் மழையை எண்ணுகிறோம். அவரவருக்கு எது அரிதோ அதை.

இன்னொரு எண்ணிக்கையும் உண்டு: 'சிலுவை'. க்ர்ஷீஜெக் என்றால் சின்னச் சிலுவை. பத்தைக் குறிக்கும் ரோமன் எண் சாய்ந்த சிலுவை மாதிரிதானே இருக்கிறது? அதனால் பத்து வயதுக்கு ஒரு சிலுவை. 'கழுத்தில் ஏழு சிலுவை' என்றால் எழுபது. ஆங்கிலப் பக்கம் காலி.

21 மார்ச் 2024

தம்பி, உன் வீட்டுக்காரர் உன்னை 'ம்லதெய்' என்று கூப்பிடுவது திட்டு இல்லை. 'ஏய், சின்னப் பையா' என்கிற மாதிரி. பேச்சு வழக்கு. கூடவே 'நீ' போட்டுப் பேசுகிறார் என்றால் பனி உருகிவிட்டது என்று அர்த்தம். செக்கிலும் நீ, நீங்கள் உண்டு. 'இனி நீ என்றே பேசிக்கொள்வோம்' என்று சொல்லும் உரிமை மூத்தவருக்குத்தான். இளையவர் தானாக ஆரம்பித்தால் அதிகப்பிரசங்கி. வயதானவருக்கு இந்த மொழி இலக்கணத்திலேயே கொடுத்திருக்கும் ஒரு பதவி அது, ஆங்கிலத்தில் அது கிடையாது. அவர் வாய்விட்டுச் சொல்லும்வரை நீ நீங்கள் என்றே பேசு.

19 ஏப்ரல் 2024

இந்த வாரம் திட்டுச் சொற்கள். கேட்டவர் உன் மாதிரிப் பையன் இல்லை, வகுப்பில் இருக்கும் முன்னாள் கணக்கு டீச்சர். 72 வயது. நோட்டில் கோடு போட்டு வந்திருந்தார்.

ஆண்களுக்கு 'த்யெதெக்', கிழவன். 'பாப்ர்தா' என்று ஒன்று உண்டு, ஆங்கில 'ஓல்டு ஃபோகி'க்குக் கிட்டத்தட்ட. பழைய எண்ணம், புலம்பல், காலுக்குச் செருப்பு, வயிற்றுக்கு மேல் பேண்ட், எல்லாம் அந்தச் சொல்லின் ஓசையிலேயே இருக்கிறது. முப்பது வயதிலும் ஒருவன் பாப்ர்தா ஆகலாம். ஆங்கிலத்தில் கிழவனுக்கு இன்னொரு பெயர், 'கீசர்' என்று எழுதினேன். நம் குளியலறையில் தொங்குவதும் கீசர்தான் என்று சொல்லி ஒரு படம் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து ஷலினாக்காரருக்கு வகுப்பில் பெயர் 'பொய்லெர்'. அவருக்கு அது பிடித்திருக்கிறது.

பெண்களுக்கு வந்தால் நிலைமை மோசம். 'ஸ்தரா ஷ்கதுலே': பழைய பெட்டி. வயதை மறைத்துச் சின்னப் பெண் மாதிரி உடுத்துகிறவளை ஆங்கிலத்தில் 'மட்டன் டிரெஸ்டு அஸ் லாம்ப்' என்று சொல்வதற்குச் சமமாக அவர்கள் சொன்னது எதுகையோடு வந்தது: பின்னாலிருந்து லித்ஸேஉம், முன்னாலிருந்து முஸேஉம். லித்ஸேஉம் என்பது பெண்பிள்ளைகள் படித்த உயர்பள்ளி. பின்னால் பார்த்தால் பள்ளிக்கூடப் பெண், முன்னால் பார்த்தால் அருங்காட்சியகம். ஜெர்மனிலும் போலிஷிலும் இதே எதுகை ஓடுகிறது, எந்த எல்லையிலும் யாரும் தடுக்கவில்லை. ஆங்கிலத்தில் ஆட்டிறைச்சி, இங்கே கட்டடம்.

ஆண்களுக்கு இப்படி ஒன்று இல்லையா என்று டீச்சர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அது பாராட்டு. ஐம்பது வயதில் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்கி, புதுத் தோல் ஜாக்கெட் போட்டு, புதுக் காதலியோடு திரிந்தால் 'இரண்டாவது சாறு பிடித்துவிட்டது' என்பார்கள். மீஸா, மரத்துக்குள் வசந்தத்தில் ஏறும் சாறு. அவனுக்கு மரம் துளிர்க்கிறது, அவளுக்கு மியூசியம்.

மணமாகாமல் வயதானவர்கள் பற்றியும் ஒன்று. பெண் என்றால் 'கிழக் கன்னி', ஆங்கில 'ஓல்டு மெய்டு' போலவே. ஆண் என்றால் 'ஸ்தரீ ம்லாதெனெட்ஸ்', நேர் அர்த்தம் 'கிழ இளைஞன்'. இதைச் சொல்லிவிட்டு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சாதாரணச் சொல். நான்தான் சிரித்தேன்.

20 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்தவர்கள் 'செக்காரர்கள் கரடுமுரடானவர்கள், ஆங்கிலம் எவ்வளவோ நாகரிகம்' என்கிறார்கள். நானும் அப்படித்தான் முடித்திருப்பேன். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

10 மே 2024

யோசித்தாயிற்று.

பலகையின் இடது பக்கத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். 'கோல்டன் இயர்ஸ்', 'ட்விலைட் இயர்ஸ்', 'சீனியர் சிட்டிசன்', 'சில்வர் சர்ஃபர்'. தங்கம், அந்தி, வெள்ளி. இவற்றை எழுபது வயதுக்காரர் தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. காப்பீட்டு விளம்பரத்தில் படித்திருக்கிறேன். வலது பக்கத்தில் உள்ளவற்றை என் மாணவர்கள் தங்களைப் பற்றியேதான் சொல்கிறார்கள். 'நான் ஒரு ஷ்கதுலே, மூடி மட்டும் இன்னும் திறக்கிறது' என்று டீச்சர் சொன்னார். அதையே மருமகள் சொன்னால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை பேச்சுவார்த்தை இருக்காது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மறதி பற்றியது. ஆங்கிலத்தில் 'சீனியர் மொமென்ட்', மன்னிப்புக் கேட்கிற தொனி. செக்கில் 'ஸ்க்லெரோஸா வலிக்காது, ஆனால் அலைய விடும்' என்பார்கள். ஸ்க்லெரோஸா, பேச்சு வழக்கில் மறதி. கண்ணாடியை எடுக்கச் சமையலறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து, திரும்பி வந்து, ஞாபகம் வந்து மறுபடி போகிற அலைச்சல். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது சொல்கிறார். ஆனால் எல்லார் முன்னும் சொல்லாதே. அதே சொல் நரம்பைத் தாக்கும் நிஜமான நோய்க்கும் பெயர். வகுப்பில் ஒருவரின் மகளுக்கு அது இருக்கிறது என்று இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் மட்டும் சிரிக்காமல் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம் சந்தை நாகரிகம் ஒன்று. ஸெல்னீ த்ர்ஹ் என்று பிர்னோ நடுவில் காய்கறிச் சந்தை இருக்கிறது, சரிவான சதுக்கம். அங்கே விற்பவர்கள் 'என்ன வேண்டும், ம்லதா பனீ?' என்பார்கள். ம்லதா என்றால் இளம். இருபத்தைந்து வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அவள் 'ஸ்லெச்னா'. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் ஒருத்தி ம்லதா பனீ ஆகிறாள். எண்பது வயதுக் கிழவிக்கு நிச்சயம் கிடைக்கும். சிலருக்குப் பிடிக்கும். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். 'கணக்கு தெரியாதவன்' என்பார்.

14 ஜூன் 2024

வெய்மினெக் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அவசரம் என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

'கிரேன்னி ஃப்ளாட்' என்று எழுதினேன், மகன் வீட்டை ஒட்டித் தாய்க்கு ஒரு சின்னப் பகுதி. வகுப்பே ஒருமித்து 'வெய்மினெக்!' என்றது. சமம் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன், எங்கள் மொராவியப் பகுதிக் கிராமத்துக்காரர் ஒருவர் தடுத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா வெய்மினெக்கில் இருந்தவராம்.

விஷயம் இதுதான். விவசாயி தளர்ந்ததும் நிலத்தையும் வீட்டையும் மகனுக்கு எழுதிக்கொடுப்பார். அந்தப் பத்திரத்திலேயே தனக்கும் மனைவிக்கும் சாகும்வரை என்னென்ன வேண்டும் என்று எழுதிவைப்பார். முற்றத்தின் மறுபக்கத்தில் ஒரு அறை அல்லது சின்ன வீடு. வருஷத்துக்கு இத்தனை அளவு தானியம், உருளைக்கிழங்கு, விறகு, தினமும் பால். இன்ன மரத்துப் பழம் என்றுகூட எழுதிக்கொள்வார்கள். இது அன்பின் பேரில் கொடுப்பது இல்லை, ஒப்பந்தம். கொடுக்காவிட்டால் நீதிமன்றம் போகலாம். ஜெர்மன் கிராமங்களிலும் உண்டு, ஆல்டென்டைல் என்பார்கள்.

அவருடைய குடும்பத்தில் நடந்ததாக அவர் சொன்னது: பத்திரத்தில் 'தினம் ஒரு லிட்டர் பால்' என்று இருந்தது. மருமகள் ஒரு லிட்டர் கொடுத்தாள், ஆடை எடுத்துவிட்டு. கொள்ளுத்தாத்தா பால் குவளையைத் தூக்கிக்கொண்டு கிராமத் தலைவரிடம் போனார். பாலில் ஆடை அடங்குமா அடங்காதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. முடிவு என்ன என்று கேட்டோம். 'கொள்ளுத்தாத்தா ஒரு ஆடு வாங்கிக்கொண்டார்' என்றார்.

கிரேன்னி ஃப்ளாட்டில் இந்தச் சண்டை வராது, ஏனென்றால் அங்கே பாட்டி கையில் பத்திரம் இல்லை. வெறும் பாசம்தான் இருக்கிறது. எது தேவலை என்று வகுப்பில் வாக்கெடுப்பு நடத்தினேன். ஒன்பதில் ஏழு பேர் பத்திரத்துக்கு.

1949-க்குப் பின் கூட்டுப் பண்ணைகள் வந்து, மகனுக்கு எழுதிக்கொடுக்க நிலமே இல்லாமல் போனது. பழைய வெய்மினெக்கும் அதோடு போயிற்று. சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. தோற்றுப்போன அரசியல்வாதியையும் கால் உடைந்த கால்பந்து வீரரையும் 'வெய்மினெக்குப் போய்விட்டார்' என்று பத்திரிகையில் எழுதுவார்கள். அவர்களுக்கு யார் பால் கொடுக்கிறார்களோ.

15 ஜூன்

பெரியவர்களை வைத்துப் பார்ப்பது பற்றி நம் ஊரோடு ஒப்பிட்டு எழுதச் சொல்கிறார்கள். மாட்டேன். அதை ஆரம்பித்தால் இந்த இழை வேறு எங்கோ போய்விடும். எனக்கு மதுரையில் அம்மா இருக்கிறார், நான் பிர்னோவில் இருக்கிறேன், இதற்கு மேல் பேச எனக்கு வாய் கிடையாது.

2 ஆகஸ்ட் 2024

வகுப்பு விடுமுறை. சின்னதாக ஒன்று.

செக்கில் 'ஸ்தரொஸ்த்' என்றால் கவலை. ரஷ்ய மொழியில் ஏறத்தாழ இதே ஓசையில் முதுமை, போலிஷிலும் அப்படியே. எங்கள் மாடியில் குடியிருக்கும் உக்ரைன் பெண் வீட்டில் ரஷ்யன் பேசுகிறவர். வந்த புதிதில் அலுவலகத்தில் ஒரு அம்மா அவரிடம் 'இது உங்கள் ஸ்தரொஸ்த் இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றாராம். 'இது உங்கள் முதுமை இல்லை' என்று கேட்டுக்கொண்டு, கையில் இருந்த படிவத்தில் பிறந்த தேதியைச் சரிபார்த்திருக்கிறார்.

ஊர்த் தலைவர் 'ஸ்தரொஸ்தா'. அவருக்கு முதுமையும் உண்டு, கவலையும் உண்டு.

20 செப்டம்பர் 2024

வெளியே இன்று 'பபீ லேத்தோ'. கிழவியின் கோடை. குளிர் ஆரம்பிப்பதற்கு முன் சில நாள் வெயில் திரும்பி வரும். சிலந்தி நூல்கள் காற்றில் வெள்ளையாக மிதந்து முகத்தில் ஒட்டும். அந்த நூலுக்கும் இதே பெயர்தான், கிழவியின் நரைமுடி மாதிரி. ஆங்கிலத்தில் 'இந்தியன் சம்மர்'. 'அது உங்கள் ஊர்க் கோடையா?' என்று என்னைக் கேட்டார்கள். இல்லை, அந்த இந்தியர்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள். எங்கள் ஊர்க் கோடை வந்தால் நூல் மிதக்காது, தார் உருகும் என்றேன்.

மார்ச்சில் 'அவரவருக்கு எது அரிதோ அதை எண்ணுகிறார்கள்' என்று எழுதியிருந்தேன். அழகாக இருக்கிறது என்று பலர் பாராட்டினீர்கள். இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வர்ஷம் என்ற சொல் நமக்கு வடமொழியில் இருந்து வந்தது, எதை எண்ணுவது என்று மதுரையில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்யவில்லை. மழையை எண்ணுகிறோம் என்பது மட்டும் இருக்கட்டும். காரணம் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

11 அக்டோபர் 2024

அலுவலகச் சொற்களைக் கேட்டவருக்கு. ஓய்வூதியம் 'தூஹொத்', வாங்குகிறவர் 'தூஹொட்ஸே'. இதை 'முதியவர்' என்று மொழிபெயர்க்கும் தவறை நானே பல நாள் செய்தேன். உடல் ஊனத்துக்குத் தரும் தொகையும் தூஹொத்தான், பெற்றோரை இழந்த பிள்ளைக்குத் தருவதும் தூஹொத்தான். முப்பது வயதிலும் ஒருவர் தூஹொட்ஸே ஆக முடியும். வயதுக்கானது வேண்டுமென்றால் 'முதுமைத் தூஹொத்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்கு எத்தனை பிள்ளை வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்து ஓய்வு வயது முன்கூட்டியே வரும் என்ற விதி பல காலம் இருந்தது. 2023 ஜனவரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு மாதம் 500 கொருனா ஓய்வூதியத்தோடு சேர்கிறது. டீச்சருக்கு மூன்று பிள்ளை. 'இப்போதுதான் லாபம் காட்டுகிறார்கள்' என்றார்.

முதியோர் இல்லத்துக்குப் பழைய பெயர் 'தூஹொட்ஸேக்களின் இல்லம்'. 2006-ஆம் ஆண்டுச் சமூக சேவைச் சட்டத்துக்குப் பிறகு 'சீனியர்களுக்கான இல்லம்'. பலகையை மாற்றினார்கள், பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். என் வகுப்பில் 'சீனியர்' என்ற சொல்லை யாருக்கும் பிடிக்காது. ரயிலில் மட்டும் பிடிக்கும். 65 ஆனால் டிக்கெட்டில் பாதி தள்ளுபடி. 2018 செப்டம்பரில் முக்கால் தள்ளுபடி கொடுத்தார்கள், 2022 ஏப்ரலில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் கால் பங்கை இன்னும் துக்கம் விசாரிக்கிறார்கள்.

ஒரு கெட்ட சொல்லும் இதில் சேரும்: 'ஷ்மெய்தி'. ஷ்மெய்த் என்றால் மட்டமான சரக்கு. கிழவர் கிழவிகளை இலவசச் சுற்றுலா, இலவசச் சாப்பாடு என்று பஸ்ஸில் ஏற்றிப்போய், ஒரு கூடத்தில் உட்காரவைத்து, பாத்திரமும் போர்வையும் யானை விலைக்குத் தலையில் கட்டுகிறவர்களுக்கு இப்போது அந்தப் பெயர். 2013-இல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்த பிறகு நாடு முழுவதும் அந்தச் சொல் இந்த அர்த்தத்தில் பரவியது. வகுப்பில் இரண்டு பேர் அப்படிப் போய்வந்திருக்கிறார்கள். ஒருவர் வாங்கிய பாத்திரத்தில்தான் எங்களுக்கு கேக் வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கென்று ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை, 'கான் மென்' (ஏமாற்றுக்காரர்கள்) என்று எழுதினேன். பஸ் எங்கே என்று கேட்டார்கள்.

19 அக்டோபர் 2024

இன்று ஸெல்னீ த்ர்ஹில் பூசணி வாங்கினேன். விற்றவனுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். 'வேறு ஏதாவது வேண்டுமா, ம்லதா பனீ?'

மனசு குளிர்ந்து வீட்டுக்கு வந்து, பூசணியை மேடையில் வைத்த பிறகுதான் நான் மே 10-ஆம் தேதி இங்கே என்ன எழுதினேன் என்று ஞாபகம் வந்தது. எனக்கு 49 முடிந்து நான்கு மாதம். கணக்கு தெரியாதவன்.

20 அக்டோபர்

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 'அக்கா, நீங்கள் இளமையாகத்தான் இருக்கிறீர்கள்' என்று எழுதிய தம்பிக்கு: என்னை நீ பார்த்ததே இல்லை.

29 நவம்பர் 2024

பிராக் தம்பி எழுதியிருக்கிறான். வீட்டுக்காரர் ஒருவழியாக 'நீ' கொடுத்துவிட்டாராம், இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் பிளம் சாராயம் குடித்துச் சடங்கை முடித்திருக்கிறார்கள். கூடவே அவர் சொன்னது: 'நா ஸ்தரா கொலெனா ஒரு இந்தியனுக்கு செக் கற்றுத்தருகிறேன்.' இதற்கு ஆங்கிலம் கடைசியில் கிடைத்ததா என்று கேட்கிறான்.

கிடைக்கவில்லை. நேற்று இந்த ஆண்டின் கடைசி வகுப்பு. பலகையில் அந்த இடம் பிப்ரவரியிலிருந்து காலி. ஷலினாக்காரர் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, 46 படி என்றார். ஒவ்வொரு வாரமும் எண்ணுவார், கூடியதும் இல்லை குறைந்ததும் இல்லை. உட்கார்ந்ததும் அந்தக் காலி இடத்தைக் காட்டி, 'ஆங்கிலம் வேண்டாம், உங்கள் மொழியில் உண்டா? எழுதுங்கள்' என்றார்.

எங்கள் ஆச்சிக்கு அறுபத்து மூன்று வயதில் தாத்தா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது தெருவே சொன்னது நினைவுக்கு வந்தது. ஆங்கிலப் பத்தியில் தமிழில் எழுதினேன்: 'வயசான காலத்துல'. அதைச் சொல்லும் தொனியையும் செய்து காட்டினேன், தலையை ஒரு பக்கம் சாய்த்து. எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். இதுதான், இதேதான் என்றார்கள். டீச்சர் நோட்டில் வரைந்துகொண்டார், எழுத்தை எழுத்தாக இல்லாமல் பூக்கோலமாக.

ஷலினாக்காரர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போனார். 'இதில் முழங்கால் எது?'

முழங்கால் இல்லை, இது 'டைம்' என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால், காலத்துல. முதல் பாதியை விரலால் மறைக்காமல் விட்டு, மீதியை மறைத்துக் காட்டினேன். 'இதோ, இவ்வளவும் கால்.'

கொஞ்ச நேரம் பார்த்தார். 'கால் மட்டுமா?' என்றார். 'எனக்கு வலிக்கிறது முழங்காலில்.'